முந்திரி ஆகாத குழந்தையோடு சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு: ஒரு விமானப் பயண வழிகாட்டி

என் மகனுக்கு முந்திரியும் பிஸ்தாவும் ஆகாது. கல்யாண வீட்டில் பாயசத்தோடு ஒரு முந்திரித் துண்டை விழுங்கிவிட்டு, பத்து நிமிடத்துக்குள் உதடு வீங்கி, இருமலும் வாந்தியுமாக அவனை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நாளிலிருந்து அந்த இரண்டும் எங்கள் வீட்டுக்குள் நுழைவதில்லை. அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டபோது, சைவ உணவு கேட்டிருக்கிறோமே, அது போதும் என்று நம்பி ஏறினோம். சாப்பாட்டுத் தட்டு வந்ததும் தாள் மூடியைப் பிரித்தேன். வெள்ளையாகக் கெட்டியான குழம்பில் பனீர் துண்டுகள் கிடந்தன. பக்கத்துக் கிண்ணத்தில் இருந்த கேசரியின் மேல் நெய்யில் வறுத்த முந்திரிப் பாதி ஒன்று பிறை போல் ஒட்டிக்கொண்டிருந்தது. குழம்பு எதில் அரைத்தது என்று கேட்டதற்குப் பணிப்பெண்ணுக்கு விடை தெரியவில்லை. அது அவருடைய குற்றமன்று, அந்தத் தட்டு வேறெங்கோ ஒரு சமையற்கூடத்தில் கட்டப்பட்டு வந்தது. பிள்ளை அன்று இரண்டு விமானங்களிலும் வாழைப்பழத்தையும் ரொட்டியையும் தின்றே பொழுதைக் கழித்தான்.

இரண்டாவது பயணத்தை ஒழுங்காகத் திட்டமிட்டோம். அதில் கற்றவற்றை வரிசையாகக் கீழே எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவர் அல்லர். மருந்தின் அளவையும் வகையையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

1. எட்டு வாரங்களுக்கு முன்: விமான நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல்

கட்டணத்தை ஒப்பிடுவதற்கு முன்பே ஒவ்வொரு நிறுவனத்தின் இணையதளத்திலும் உணவு ஒவ்வாமை குறித்த பக்கத்தைத் தேடிப் படியுங்கள். கொட்டைப் பருப்புகள் அறவே இல்லாத பயணத்துக்கு உத்தரவாதம் தர இயலாது என்ற வாசகம் பெரும்பாலான நிறுவனங்களின் பக்கத்தில் இருக்கும். அதைப் படித்து மிரள வேண்டாம். நொறுக்குத் தீனியாக நிலக்கடலையோ கலவைப் பருப்புகளோ வழங்குகிறார்களா, வீட்டு உணவைக் கொண்டுவர அனுமதிக்கிறார்களா, இருக்கையைத் துடைத்துக்கொள்ள மற்றவர்களுக்கு முன்பே ஏறவிடுகிறார்களா, எத்தனை மணி நேரத்துக்கு முன் தகவல் சொல்ல வேண்டும் என்ற நான்கையும் அறிந்துகொள்வதே இங்கே முக்கியம். தொலைபேசியில் "பிரச்சினை இல்லை, பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்வதற்கு மதிப்பில்லை. மின்னஞ்சலில் கேட்டு, வரும் விடையை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்தின் பெயரில் பயணச்சீட்டு வாங்கியிருப்பீர்கள். ஆனால் வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ இறங்கி மாறும் அடுத்த விமானத்தை அதன் கூட்டாளி நிறுவனம் இயக்கும். அப்போது கூட்டாளியின் விதிகளே செல்லும் என்பதால், நீங்கள் கொடுத்த தகவல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளாமல், சீட்டில் "இயக்குபவர்" என்ற இடத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கும் தனியாக எழுதுங்கள். பயண முகவர் மூலம் வாங்கினால், முன்பதிவு எண்ணைப் பெற்று நீங்களே நேரடியாகப் பேசுவது நல்லது.

அமெரிக்காவுக்குச் செல்லும், அங்கிருந்து புறப்படும் விமானங்களுக்கு அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் ஊனமுற்றோர் பயண விதிகள் பொருந்தும். கடுமையான உணவு ஒவ்வாமை உள்ளவர், இருக்கையைத் துடைக்க நேரம் வேண்டும் என்று கேட்டால் முன்னதாக ஏறவிட வேண்டும் என்பதை 2019-இல் ஒரு புகாரின் மீதான முடிவில் அத்துறை தெளிவுபடுத்தியது. கனடா செல்வோருக்கு இன்னும் ஒரு படி கூடுதல் வசதி உண்டு. ஒவ்வாமை உள்ளவரின் இருக்கையைச் சுற்றி அந்த உணவு இல்லாத இடைவெளி ஒன்றை ஏற்படுத்தித் தருமாறு பெரிய விமான நிறுவனங்களிடம் கேட்க அந்நாட்டு விதிகள் இடமளிக்கின்றன. 48 மணி நேரத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

2. ஏழு வாரங்களுக்கு முன்: மருத்துவரிடம் வாங்க வேண்டிய தாள்கள்

ஒவ்வாமை மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது, மருத்துவமனையின் முகவரித் தாளில் எழுதி, கையொப்பமும் பதிவு எண்ணும் இட்ட கடிதம். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர், எந்தெந்தப் பொருள் ஆகாது, ஊசி மருந்தும் சிரிஞ்சும் எப்போதும் உடன் இருக்க வேண்டும், சொந்த உணவைக் கொண்டுசெல்வது மருத்துவத் தேவை என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, மருந்துச் சீட்டு. மூன்றாவது, எந்த அறிகுறி தோன்றினால் எதைக் கொடுப்பது என்று ஒரே பக்கத்தில் எழுதிய அவசரச் செயல்திட்டம். மூன்றும் ஆங்கிலத்தில் இருக்கட்டும், ஒவ்வொன்றிலும் மூன்று படிகள் எடுங்கள்.

மருந்துச் சீட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய, நாம் அட்ரினலின் என்று சொல்லும் ஊசி மருந்தை அமெரிக்காவில் எபிநெஃப்ரின் என்பார்கள். இரண்டு பெயர்களையும் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் தாளிலும் அங்குள்ளவர் வாயிலும் வேறு வேறு மருந்து இருப்பதுபோல் குழப்பம் வரும். அமெரிக்க மருந்துக் கடைகள் இந்திய மருத்துவரின் சீட்டை வைத்து மருந்து தரமாட்டார்கள் என்பதால், அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கும் உதவாது.

செலவும் தாமதமும் மருந்தில்தான். ஆம்பூல் என்ற சிறு கண்ணாடிக் குப்பியில் வரும் அட்ரினலின் நம் ஊரில் மிக மலிவு. தொடையில் அழுத்தினால் தானே மருந்தைச் செலுத்தும் ஆட்டோ இன்ஜெக்டரோ நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து சொந்த உபயோகத்துக்கு வரவழைக்க வேண்டுமானால், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் படிவம் 12ஏ-இல் விண்ணப்பித்து, படிவம் 12பி-இல் அனுமதி பெற வேண்டும். மருந்துச் சீட்டு, மருத்துவரின் கடிதம், அடையாளச் சான்று மூன்றும் தேவைப்பட்டன. எங்களுக்கு ஐந்து வாரங்கள் ஆயின, இரண்டு கருவிகளுக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவானது. அமெரிக்காவில் எபிபென் என்ற ஆட்டோ இன்ஜெக்டர் இரண்டு கொண்ட பெட்டியின் பட்டியல் விலை 2016-இல் 600 டாலர் வரை ஏறி, அந்த ஆண்டின் இறுதியில் அதே நிறுவனமே 300 டாலருக்கு ஒரு மலிவுப் பதிப்பை வெளியிட்டது என்பதை நினைவில் வைத்தால், விலையைக் கேட்டு மலைக்கமாட்டீர்கள்.

கருவி வாங்கினால் குழந்தையின் எடையைப் பாருங்கள். எபிபென்னில் 15 முதல் 30 கிலோ வரை உள்ள குழந்தைகளுக்கு 0.15 மில்லிகிராமும், 30 கிலோவும் அதற்கு மேலும் இருந்தால் 0.3 மில்லிகிராமும் என்று இரண்டு அளவுகள் உண்டு. காலாவதித் தேதி பெரும்பாலும் ஒன்றரை ஆண்டைத் தாண்டாது என்பதால், பயணத்தின் கடைசி நாள் வரைக்கும் செல்லுமா என்று கையில் வாங்கும்போதே பாருங்கள். எப்போதும் இரண்டு வேண்டும், ஒரு முறை குத்தியும் அடங்காவிட்டால் மறுமுறை தேவைப்படும். ஆட்டோ இன்ஜெக்டர் கிடைக்காதவர்கள் ஆம்பூலையும் 1 மில்லிலிட்டர் சிரிஞ்சையும் எடுத்துச் செல்லலாம். ஆனால் எத்தனை மில்லிலிட்டர் என்பதைக் குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் தெளிவாக எழுதித் தர வேண்டும், பெற்றோர் இருவரும் செவிலியர் முன்னிலையில் உறிஞ்சி எடுத்துப் பழக வேண்டும். ஆடும் இருக்கையில், நடுங்கும் கையோடு ஆம்பூலின் கழுத்தை உடைப்பது எளிதன்று.

ஓர் எச்சரிக்கை, சிரிக்கக்கூடியது போலத் தோன்றினாலும். பழகுவதற்காக ஊசியும் மருந்தும் இல்லாத பயிற்சிக் கருவி ஒன்று தனியாகக் கிடைக்கும். புறப்படும் முந்தைய இரவில் என் கைப்பையில் இருந்தது அதுதான்; உண்மையான கருவி மேசை இழுப்பறையில் கிடந்தது. பயிற்சிக் கருவியை வீட்டிலேயே பூட்டி வையுங்கள்.

3. நான்கு வாரங்களுக்கு முன்: சிறப்பு உணவுக் குறியீடுகளும் அவற்றின் பொறிகளும்

விமான நிறுவனங்கள் சிறப்பு உணவுகளை நான்கெழுத்துக் குறியீடுகளால் குறிக்கின்றன. நம்மவர்கள் வழக்கமாகக் கேட்கும் ஏ.வி.எம்.எல். என்பது இந்திய முறைச் சைவ உணவு. மரக்கறி என்பதற்கு மேல் அது எந்த உறுதியும் தருவதில்லை; பால், தயிர், நெய், முந்திரி விழுது எல்லாம் அதில் வரலாம். எங்களைக் கவிழ்த்தது இதுதான். வி.ஜி.எம்.எல். என்பது பாலும் முட்டையும் இல்லாதது, ஆனால் பாலுக்கு மாற்றாகப் பாதாமும் முந்திரியும் அதில் நுழைவது இயல்பு. ஜி.எஃப்.எம்.எல். கோதுமைப் பசையம் இல்லாதது, என்.எல்.எம்.எல். பால் சர்க்கரை குறைந்தது. குறைந்தது என்றால் இல்லாதது ஆகாது, பால் புரதம் ஆகாத குழந்தைக்கு அதை வாங்கிவிடாதீர்கள். பி.எஃப்.எம்.எல். என்ற நிலக்கடலை இல்லாத உணவைச் சில நிறுவனங்கள் மட்டுமே தருகின்றன, அதிலும் நிலக்கடலைக்குத்தான் விலக்கு. முந்திரி, பிஸ்தா, பாதாமுக்கு இல்லை.

"நட்ஸ் அலர்ஜி" என்று மட்டும் சொன்னால், கேட்பவர் நிலக்கடலையை நினைத்துக்கொள்வார். நிலக்கடலை பயறு வகையைச் சேர்ந்தது, முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பத்தில் பிறந்தவை. ஆகவே முந்திரி ஆகாதவருக்குப் பிஸ்தாவும் ஆகாமல் போவது மிகுதி. ஆகாத பொருளின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்: காஷ்யூ (முந்திரி), பிஸ்டாஷியோ (பிஸ்தா), செசமீ (எள்).

எங்கள் முடிவு: பழத்தட்டுக்கான எஃப்.பி.எம்.எல். குறியீட்டைப் பதிவு செய்துவிட்டு, வயிறு நிறைய வீட்டு உணவைக் கொண்டுசெல்வது. பழத்தட்டில் மறைந்து வரக்கூடியவை மிகக் குறைவு. சிறப்பு உணவைப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு முன்பே கேட்க வேண்டும், சில நிறுவனங்கள் 48 மணி நேரம் கேட்கின்றன. விமானம் மாறினாலோ, பயண நாளை நீங்கள் மாற்றினாலோ பதிவு அழிந்துபோகும். 72 மணி நேரத்துக்கு முன் ஒரு முறையும், பயணப் பதிவு மேசையில் ஒரு முறையும் உறுதி செய்யுங்கள்.

4. புறப்படும் முன் வாரம்: கைப்பையில் என்ன, எவ்வளவு

மருந்துகள் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போட்டால் பெட்டி தொலையலாம். அட்ரினலினை 20 முதல் 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் வைக்க வேண்டும் என்பதால் குளிரும் கடும் வெயிலும் அதற்கு ஆகாது. குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்காதீர்கள். கைப்பையிலும்கூட தலைக்கு மேலுள்ள பெட்டிக்கு அனுப்பாமல், இடுப்பில் கட்டும் சிறு பையில் வைத்து உங்கள் உடம்போடேயே இருக்கட்டும்.

உணவைப் பொறுத்தவரை எங்களுக்குக் கைகொடுத்தது பொடி தடவிய இட்லி, சப்பாத்தி, எலுமிச்சைச் சாதம், உலர்ந்த அவல், வாழைப்பழம். எங்கள் பிள்ளைக்கு எள் ஆகும். எள் ஆகாத பிள்ளையென்றால் இட்லிப்பொடியில் பெரும்பாலும் எள் உண்டு, அதில் குழைக்கும் நல்லெண்ணெயும் எள்ளின் எண்ணெய்தான் என்பதை மறந்துவிடாதீர்கள், நம் சமையலில் இது அவ்வளவு பழகிப்போனதால் பலர் கவனிப்பதில்லை. நிலக்கடலை ஆகாதவர்கள் கடையில் வாங்கும் முறுக்கு, சீடையில் எந்த எண்ணெய் என்று கேளுங்கள். நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய நீங்கிவிடும், செக்கில் ஆட்டிய எண்ணெயில் அது தங்கிவிடும்.

தயிர்சாதம், சட்னி, சாம்பார் ஆகியவற்றைக் கெட்டியான உணவாகக் கருதமாட்டார்கள். பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிலிட்டர் விதியின் கீழ் அவை தூக்கி எறியப்படும். திரவ மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு, மருந்துக்குச் சீட்டைக் காட்ட வேண்டியிருக்கலாம். தாமதத்தையும் கணக்கில் கொண்டு, பயண நேரத்துக்கும் மேல் ஒரு வேளை உணவு கூடுதலாக எடுங்கள். எங்களுக்கு இடைவழி விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் தாமதமானபோது அந்தக் கூடுதல் இட்லிப் பொட்டலம்தான் உதவியது.

அமெரிக்காவில் இறங்கும்போது மிச்சமிருக்கும் உணவைச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வேகாத அரிசியைப் பயணிகள் கொண்டுவர அங்கே தடை உண்டு, பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. இறைச்சியும் பழங்களும் பெரும்பாலும் பறிமுதலாகும். வெந்த இட்லியைக் கண்டு எவரும் கோபித்ததாக நான் அறியவில்லை. உணவு உண்டு என்று அறிவிப்பதால் எதுவும் ஆகாது, மறைத்தால்தான் அபராதம்.

கடைத் தின்பண்டங்களை வாங்கும்போது லேபிளைப் படிக்கும் முறையும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் எள் 2023 ஜனவரி முதல் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய ஒன்பதாவது பொருளாயிற்று. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் 14 பொருள்கள், கடுகும் அவற்றுள் ஒன்று. இந்தியச் சட்டத்தின் பட்டியலில் எள்ளோ கடுகோ இல்லாததால், நம் ஊர்ப் பொட்டலத்தில் ஒவ்வாமை எச்சரிக்கை வரியில் எள்ளைக் காணவில்லை என்பது அது இல்லை என்பதற்குச் சான்றாகாது. மூலப்பொருள் பட்டியலை முழுக்கப் படியுங்கள்.

5. பாதுகாப்புச் சோதனை

இதில் சிரமம் குறைவு. மருந்தையும் கடிதத்தையும் ஒளி ஊடுருவும் தனிப் பையில் போட்டு, தட்டில் வைப்பதற்கு முன்பே காவலரிடம் "மெடிசின், இன்ஜெக்ஷன்" என்று சொல்லுங்கள். அமெரிக்க விமான நிலையங்களில் உதவி தேவைப்படுவோர் 72 மணி நேரத்துக்கு முன், அங்கே பாதுகாப்புச் சோதனையை நடத்தும் டி.எஸ்.ஏ. அமைப்பின் டி.எஸ்.ஏ. கேர்ஸ் என்ற சேவையை அழைத்து முன்கூட்டியே தெரிவிக்கலாம். இடைவழியில் விமானம் மாறும் நகரிலும் சோதனை மறுபடி நடக்கும் என்பதால் கடிதத்தைப் பெட்டிக்குள் திணித்துவிடாதீர்கள்.

6. ஏறும்போதும் அமர்ந்தபின்னும்

வாயிலில் அறிவிப்பு தொடங்குவதற்கு முன்பே மேசையில் இருப்பவரிடம் சென்று, முன்னதாக ஏற வேண்டிய காரணத்தைச் சொல்லுங்கள். எங்கள் முதல் பயணத்தில் வரிசை நகரத் தொடங்கிய பிறகு கேட்டதால் மறுத்துவிட்டார்கள். ஏறியதும் சாப்பாட்டு மேசையின் இரு பக்கம், கைப்பிடி, இருக்கைப் பட்டையின் கொக்கி, திரை, ஜன்னல் மூடி, முன் இருக்கையின் பின்புறப் பை என்று வரிசையாக ஈரத் துடைப்பான்களால் துடையுங்கள். இரண்டாவது பயணத்தில் இருக்கைக்கும் சாய்வுக்கும் இடையிலுள்ள இடுக்கில் விரலை விட்டபோது, பாதியாகப் பிளந்த பிஸ்தா ஓடு ஒன்று என் கையில் வந்தது. அன்று முதல் அந்த இடுக்கைத்தான் முதலில் பார்க்கிறேன். ஆல்கஹால் சானிடைசர் கிருமியைக் கொல்லும். பருப்பின் புரதத்தை அகற்றாது. கைகளுக்குச் சோப்பும் நீரும் அல்லது ஈரத் துடைப்பானே வேண்டும்.

காற்றில் பரவும் என்ற அச்சம் பெற்றோரை மிகவும் வாட்டும். பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்காக இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் செய்து 2024-இல் வெளியான மதிப்பாய்வு, விமானக் காற்றோட்டத்தின் வழியே நிலக்கடலைத் துகள் பரவி ஆபத்தை விளைவிக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்றும், மேற்பரப்புகளில் ஒட்டியிருக்கும் மிச்சமே கவனிக்க வேண்டியது என்றும் கூறியது. ஆகவே விமானம் முழுவதும் பருப்பு தின்னாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லிப் போராடுவதைவிட, அக்கம்பக்கத்து நான்கைந்து பேரிடம் புன்னகையோடு ஒரு வார்த்தை சொல்வதே பயன் தரும் என்பது என் அனுபவம். பணியாளர்களின் தலைவரிடம் அவசரச் செயல்திட்டத்தின் ஒரு படியைக் கொடுத்து, ஊசி எந்தப் பையில் இருக்கிறது என்று காட்டிவிடுங்கள்.

7. ஏதேனும் நேர்ந்தால்

அரிப்பும் தடிப்பும் மட்டும் இருந்தால் மருத்துவர் சொன்ன ஒவ்வாமை மருந்தான செடிரிசின் போதும். மூச்சுத்திணறல், குரல் கம்முதல், தொடர் வாந்தி, மயக்கம், அல்லது தோலோடு வயிறும் மூச்சும் சேர்ந்து பாதிக்கப்படுதல் என்று தோன்றிவிட்டால், செடிரிசின் கொடுத்துக் காத்திருக்கும் தவற்றைச் செய்யாமல் உடனே அட்ரினலின் போட வேண்டும். தொடையின் வெளிப்புற நடுப்பகுதி, துணியின் மேலேயே குத்தலாம். எபிபென்னில் நீல மூடியை இழுத்து, செம்மஞ்சள் முனையை அழுத்தி, 3 நொடி பிடிக்க வேண்டும். மற்ற கருவிகளில் எழுதியிருக்கும்படி. குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு வாங்கினால் உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். 5 முதல் 15 நிமிடத்துக்குள் தெளியாவிட்டால் இரண்டாவது ஊசி. பணியாளரை அழைத்து, மருத்துவர் யாரும் இருக்கிறாரா என்று அறிவிக்கச் சொல்லுங்கள். விமானத்தின் மருத்துவப் பெட்டியிலும் அட்ரினலின் இருக்கலாம். அது பெரும்பாலும் ஆம்பூலாகவே இருக்கும், போடத் தெரிந்தவர் வேண்டும். அடங்கியதுபோல் இருந்தாலும் சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பலாம் என்பதால், இறங்கியதும் மருத்துவமனைக்குச் செல்வது கட்டாயம்.

அந்த மருத்துவமனைச் செலவை நினைத்துத்தான் பயணக் காப்பீடு. விண்ணப்பத்தில் ஒவ்வாமையை மறைக்காமல் எழுதி, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான பிரிவில் அது அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். சேர்க்கவில்லை என்றால் வேறு நிறுவனம் பாருங்கள்.

8. திரும்பும் பயணம்

போகும்போது எல்லாம் சரியாக நடந்ததும் மனம் தளர்ந்துவிடும், எங்களுக்கும் அப்படித்தான். சிறப்பு உணவும் ஒவ்வாமைக் குறிப்பும் பயணத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகப் பதிவாகும். போகும் வழிக்குக் கேட்டது திரும்பும் வழிக்குத் தானாகத் தொடரும் என்று எண்ணாமல், கிளம்பும் நாளுக்கு ஒரு வாரத்துக்கு முன் மீண்டும் அழைத்துப் பேசுங்கள். ஈரத் துடைப்பான்கள் தீர்ந்திருந்தால் அங்கேயே இரண்டு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி பயன்படுத்தப்பட்டிருந்தால், மாற்று ஊசிக்கு அங்குள்ள மருத்துவரின் சீட்டு தேவைப்படும் என்பதால் அந்த ஏற்பாட்டைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்.